உள்ளே போவதற்கு முன் ஒரு கோப்பி

அன்புத் தங்கச்சிக்கு,

வியாழக்கிழமை விடிகாலை உனக்குத் திருச்சி விமானம். முதன்முதலாகத் தனியாகப் போகிறாய். பாஸ்போர்ட், துணிமணியெல்லாம் அம்மா பார்த்துக்கொள்வார். நான் சொல்ல வந்தது பசியாறுவதைப் பற்றி.

போன வருஷம் நான் கிளம்பிய அன்று, அப்பா கோலாலம்பூர் செந்தூலில் வழக்கமாகக் குடிக்கிற கடையில் எனக்காக ஒரு கோப்பி ஓ, அதான் பாலில்லாத கறுப்புக் கோப்பி, கட்டி வாங்கி வந்தார். பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ஓரத்தில் சிவப்பு ராஃபியாக் கயிறு கட்டி, ஸ்ட்ரா செருகினது. கொதிக்கிற சூடு. செப்பாங் விமான நிலையம் போய்ச் சேரும்வரை கயிற்றை விரலில் மாட்டியபடியே உட்கார்ந்திருந்தேன். "உள்ளே போய் ஆற அமரக் குடிக்கிறேன்ப்பா" என்று சொல்லிவிட்டு அவசரமாக நடந்துவிட்டேன்.

இங்கிருந்து வெளிநாட்டுப் பயணம் என்றால் 100 மில்லிலிட்டருக்கு மேல் கோப்பி, தண்ணீர் மாதிரித் திரவம் கைப்பையில் போகாது. சோதனை செய்தவர் குப்பைத்தொட்டியைக் காட்டினார். நாலு மிடறுதான் குடிக்க முடிந்தது, அதுவும் நாக்கைச் சுட்டுக்கொண்டு. வடைக்கு அம்மா கட்டிக் கொடுத்த தேங்காய்ச் சட்னியும் அதோடு போனது. அதுவும் திரவக் கணக்கில்தான் சேருமாம். தொட்டிக்குள் அந்தப் பை ஒரு பக்கமாகச் சாய்ந்து, சிவப்புக் கயிறு மட்டும் மேலே தெரிந்தது. அப்பா இன்னும் நிற்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன். அங்கிருந்து தெரியவில்லை. இன்றுவரை அவரிடம் இதைச் சொல்லவில்லை.

அதனால், நீ வெளியிலேயே குடி. நீ ஏறப்போகிற விமான முனையம் அப்பா வாய்க்கு இன்னமும் எல்.சி.சி.டி.தான். அந்தப் பழைய மலிவுக் கட்டண முனையம் 2014இல் மூடி, கே.எல்.ஐ.ஏ. 2 வந்து, 2023இல் அதற்கும் டெர்மினல் 2 என்று பேர் மாற்றியாகிவிட்டது. அங்கே ஒட்டினாற்போல இருக்கிற பேரங்காடியில் வழியனுப்ப வந்தவர்களும் உட்கார்ந்து சாப்பிடலாம். முதலில் பெட்டியைக் கவுண்டரில் போட்டுவிடு. பிறகு அரை மணி நேரம் அவரோடு உட்கார். உள்ளேயும் கடைகள் உண்டு, ஆனால் அங்கே அப்பா வர முடியாதே. விமானம் ஏறும் வாசல் வரைக்கும் நடை நீளம், அதற்கும் நேரம் வைத்துக்கொள்.

திருச்சியில் பில்டர் காப்பி அருமையாக இருக்கும். ஆனால் சீனியும் மார்ஜரினும் போட்டுக் கொட்டையைக் கறுக்க வறுத்து, காலுறை மாதிரி நீண்ட துணியில் வடித்து இறக்குகிற நம்ம கோப்பி அங்கே கிடைக்காது. இரண்டாம் நாளே நாக்கு கேட்கும், பார்.

வடை, முறுக்கு, கறிபாப் எல்லாம் கைப்பையில் தாராளமாகப் போகும். சட்னி வேண்டாம் என்று அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடு. காலிப் போத்தல் ஒன்று எடுத்துக்கொள், சோதனை முடிந்ததும் உள்ளே தண்ணீர் பிடிக்கலாம்.

அப்பா "எனக்கு எதுக்கும்மா, நீ குடி" என்பார். அதைக் காதில் வாங்காதே. அவருக்குக் கோப்பி ஓ, சீனி குறைவு. ரொட்டி சானாய் ஒன்று, பருப்புக் கறி தனியாக. காசு அவர் எடுப்பதற்குள் நீ கொடுத்துவிடு. உன் கணக்கில் ஐம்பது வெள்ளி போட்டிருக்கிறேன்.

அக்கா