குழந்தை வளர்ச்சியில் சந்தேகமா? காத்திருக்க வேண்டாம்

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

“ரெண்டு வயசாச்சு, இன்னும் பேசல” என்று இங்கே யாராவது கேட்டால், “அவங்க அப்பாவும் லேட்டாதான் பேசியிருப்பார், கவலைப்படாதீங்க” என்ற பதில்தான் முதலில் வருகிறது. அன்பில் சொல்வதுதான். ஆனால் தயவுசெய்து இனி அப்படிச் சொல்லாதீர்கள். மூளை வேகமாக வளரும் மாதங்கள் அதில் கழிந்துவிடுகின்றன.

4 மாதத்தில் தலை நிற்கவில்லை, 9 மாதத்தில் பிடிமானமில்லாமல் உட்காரவில்லை, 18 மாதத்தில் நடக்கவில்லை, 2 வயதில் ‘பால் தா’ போல இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். பேசிய சொல்லை, டாட்டா காட்டியதை நிறுத்திவிட்டால் எந்த வயதானாலும் உடனே போங்கள். குறைமாதக் குழந்தைக்கு, பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து வயதைக் கணக்கிடுங்கள்.

பேச்சு தாமதம் என்றால் முதலில் காது பரிசோதனை. கதவு அடிக்கும் சத்தத்துக்குத் திரும்பும் குழந்தைக்கும் ‘ச’, ‘ப’ போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். வீட்டில் கைதட்டிப் பார்ப்பது போதாது.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கண்டறிந்து உதவும் அரசின் மாவட்ட இடையீட்டு சேவை மையங்களில் (DEIC) பரிசோதனையும் பேச்சு, இயன்முறைப் பயிற்சிகளும் இலவசம். அங்கன்வாடிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் கேட்டால் அனுப்பிவைப்பார்கள். வழி தெரியாவிட்டால் அரசின் மருத்துவ உதவி எண் 104-ஐ அழையுங்கள். நோயின் பெயர் உறுதியாகும்வரை காத்திருக்காமலே பயிற்சியைத் தொடங்கலாம்.

அப்புறம், குழந்தையின் வீடியோவைப் பொதுவில் போட வேண்டாம். நிர்வாகிகளுக்குத் தனியாக எழுதுங்கள், கூட வரவும் ஆள் இருக்கிறோம்.