பேஸ் கிடாரின் சுரம் காதில் விழட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்யாண மண்டபக் கச்சேரிகளில் ஸ்பீக்கர் பக்கம் உட்காரவே முடியவில்லை, நெஞ்சு அதிர்கிறது என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் சொல்வது சரிதான். நான் மெல்லிசைக் குழுவில் 22 வருடமாக பேஸ் கிடார், அதாவது தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் கிடார், வாசிக்கிறேன். அந்த அதிர்வில் என் பங்கும் உண்டு என்பதால் இதை எழுதுகிறேன்.

போன ஆவணியில் ஒரு வரவேற்பு. தரை முழுக்க கிரானைட், மேலே கான்கிரீட், பேருக்குக்கூட ஒரு திரைச்சீலை இல்லை. என் ஆம்ப்பை (கிடாரின் ஒலியைப் பெருக்கும் ஸ்பீக்கர் பெட்டியை) மேடை மூலையில் சுவரோடு ஒட்டி வைத்துவிட்டார்கள். சவுண்ட் பார்த்த தம்பி, "பஞ்ச் வேணும்ணே" என்று எல்லா ஒலியையும் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் மிக்ஸரிலும் பேஸை ஏற்றிவிட்டார். இரண்டாவது பாட்டு முடிந்ததும் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் மேடை ஓரம் வந்து, "தம்பி, நீங்க வாசிக்கிறது கேக்கல. வயித்துல இடிக்கிறதுதான் தெரியுது" என்றார். இரண்டு வாரம் உட்கார்ந்து பழகிய பேஸ் வரி அது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

நாலு கம்பி பேஸில் தடித்த கம்பியை அப்படியே மீட்டினால் நொடிக்குச் சுமார் 41 அதிர்வு, அதாவது 41 ஹெர்ட்ஸ். அந்த ஒலியலையின் நீளம் 8 மீட்டருக்கு மேல். மூலையில் ஸ்பீக்கரை வைத்தால் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து அதைப் பெரிதாக்கிவிடும். மண்டபத்தில் ஓரிடத்தில் முழங்கும், நாலைந்து நாற்காலி தள்ளி அடங்கிக் கிடக்கும். மிக்ஸர் அந்த அடங்கிய இடத்தில் இருந்துவிட்டால், பேஸ் பத்தவில்லை என்று இன்னும் ஏற்றுவார்கள். அடி வாங்குவது முன்வரிசை.

சின்ன வயதில் டிரான்சிஸ்டரில் இளையராஜா பாடல்களைக் கேட்டுத்தான் எனக்கு பேஸ் மேல் ஆசையே வந்தது. உள்ளங்கை அகல ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது. அதற்கு மேலே இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று அடுக்கடுக்காக வரும் துணை ஒலிகளைக் கேட்டுக் காதே அடிச்சுரத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்தத் துணை ஒலிகளில் மேலே உள்ளவை மிட் (நடுத்தர ஒலி) பக்கம்தான் இருக்கின்றன. நாமோ மிட்டைப் பள்ளமாக்கிவிட்டு பேஸையும் (தாழ்ந்த ஒலி) டிரெபிளையும் (உச்ச ஒலி) ஏற்றுகிறோம். வீட்டில் தனியாக வாசிக்க அது இனிக்கும். மேடையில் டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்ததும் சுரம் காணாமல் போய்விடும்.

இப்போது நான் ஆம்ப்பில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் எல்லாத் திருகையும் நடுவில் வைத்துத்தான் தொடங்குகிறேன். பலமாக மீட்டும்போது மட்டும் சிவப்பு விளக்கு சிமிட்டும் அளவுக்கு கெயின் (கிடாரிலிருந்து வரும் ஒலியை ஆம்ப் உள்ளே வாங்கும் அளவு). அப்புறம் ஆம்ப்பை மூலையிலிருந்து வெளியே இழுக்கிறேன். எதிரொலிக்கும் மண்டபம் என்றால் பேஸ் திருகு கடிகாரத்தில் 10 மணி நிற்கும் இடத்துக்கு இறங்கும். 200, 300 ஹெர்ட்ஸ் பக்கம் கொழகொழப்பு இருந்தால் அதையும் லேசாகக் குறைப்பேன். 700, 800 பக்கம் சிறிது ஏற்றினால் விரல் படுவது துலங்கும். டிரெபிளைத் தொடுவதில்லை. ஆம்ப்புக்கும் இது நல்லது. பேஸை 6 டெசிபல் ஏற்றினால் அந்த ஒலிகளுக்கு மட்டும் நாலு மடங்கு சக்தி வேண்டும். என்னுடையது 100 வாட் ஆம்ப், திணறிவிடும்.

சவுண்ட் செட் நண்பர்களே, பாடகர்களின் மைக்குகளுக்கெல்லாம் லோ கட் பொத்தானை, அதாவது தாழ்ந்த ஒலிகளை வெட்டும் பொத்தானை, அழுத்திவிடுங்கள். மேடையின் உறுமல் அந்த மைக்குகள் வழியாகத்தான் திரும்பத் திரும்ப உள்ளே வருகிறது. கூட்டம் நிறைந்த பிறகு ஒருமுறை மண்டபத்தைச் சுற்றி நடந்து கேளுங்கள்.

கல்யாண வீட்டாருக்கும் ஒன்று. "பேஸ் ஏத்துங்க" என்று மிக்ஸர் பக்கம் ஆள் அனுப்பாதீர்கள். விருந்தினர் வருவதற்கு முன் எங்களுக்கு 20 நிமிடம் கொடுங்கள். பெரும்பாலும் "ஹலோ, மைக் டெஸ்டிங்" சொல்லும் நேரம்தான் எங்களுக்குக் கிடைக்கிறது. தை முகூர்த்தங்களுக்கு இப்போதே கச்சேரி பேசுகிறவர்கள், அந்த 20 நிமிடத்தையும் சேர்த்தே பேசிவிடுங்கள்.

இப்படிக்கு,
மெல்லிசைக் குழு பேஸ் கிடார் கலைஞர்,
திண்டுக்கல்