பேச்சு ஆங்கில ஆசிரியர்களுக்கு: ‘பட்லர் இங்கிலீஷ்’ என்று திட்டாதீர்கள்

பேச்சு ஆங்கிலம் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி மையம் நடத்துவோருக்கும்,

வணக்கம். திக்கித் திணறி ஆங்கிலம் பேசும் மாணவரிடம் “என்ன இது, பட்லர் இங்கிலீஷ்?” என்று கேட்பது நம் வகுப்புகளில் பழகிப்போய்விட்டது. அப்படிக் கேட்டதும் வாயை மூடிக்கொண்ட பிள்ளைகள் பலர், அப்புறம் அந்த மொழியில் பேசத் துணிவதே இல்லை. அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

பட்லர் என்பது இழிவான சொல்லே அல்ல. பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. பாட்டில் என்ற சொல்லும் இதுவும் ஒரே வேரில் பிறந்தவை. பிரபுக்களின் மாளிகையில் திராட்சை மதுவைப் பாதுகாத்துப் பரிமாறும் பொறுப்பாளர்தான் பட்லர். பழைய ஆங்கில பைபிளில் எகிப்து மன்னன் பார்வோனின் பட்லர் என்று வருபவரை நம் தமிழ் பைபிள் பானபாத்திரக்காரன் என்கிறது. அது அரசருக்கு மிக நெருக்கமான பதவி. 1185-இல் இங்கிலாந்து இளவரசர் ஜானோடு அயர்லாந்து போன தியோபால்டு வால்டர் அந்த நாட்டின் தலைமை பட்லர் ஆனார். அவர் வழிவந்தவர்கள் பதவியின் பெயரையே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார்கள். காலப்போக்கில் இங்கிலாந்துப் பெரிய வீடுகளில் ஆண் பணியாளர்களுக்குத் தலைவராக பட்லர் உயர்ந்தார்.

வெள்ளைக்காரர் ஆட்சியில் சென்னை மாகாணத்தில் அந்தப் பொறுப்பு இன்னும் பெரிதாக இருந்தது. யூலும் பர்னலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த, இந்தியாவில் வெள்ளைக்காரர் புழங்கிய சொற்களுக்கான ஹாப்சன்-ஜாப்சன் அகராதியைப் பாருங்கள். வெள்ளைக்காரர் வீட்டின் தலைமைப் பணியாளரை இங்கே பட்லர் என்பார்கள், தினமும் சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்குவது, சரக்கறையைப் பார்த்துக்கொள்வது, சாப்பாட்டு மேசையை மேற்பார்ப்பது எல்லாம் அவர் வேலை என்கிறது. சந்தையில் தமிழிலோ தெலுங்கிலோ பேரம் பேசி, வீட்டுக்கு வந்து துரையிடம் ஆங்கிலத்தில் கணக்குச் சொன்னவர்கள் அவர்கள். இலக்கணம் படித்து அல்ல, காதால் கேட்டே அந்த மொழியைப் பிடித்தார்கள்.

அதே அகராதி இந்தப் பணியாளர்கள் பேசிய பட்லர் இங்கிலீஷையும் விவரிக்கிறது, அதுவும் ஏளனமாகத்தான். ‘ஐ டெல்லிங்’ என்றால் சொல்வேன். ‘ஐ டன் டெல்’ என்றால் சொல்லிவிட்டேன். நம் ‘சொல்லியாச்சு’ அதற்குள் ஒலிப்பது எனக்குக் கேட்கிறது. ‘ஃபேமிலி’ என்றால் மனைவி. ‘வீட்டில் ஊருக்குப் போயிருக்கிறார்கள்’ என்று நாம் சொல்வதில்லையா, அந்த மாதிரி. காலத்தைக் காட்ட அதற்கென்று ஒரு முறை இருந்தது. வாய்க்கு வந்தபடி உளறியதல்ல அது.

நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, அகராதிக்காரர்களுக்கே விசித்திரமாகப் பட்ட ஒரு செய்தி: துரைமார்களும் தங்கள் பணியாளர்களிடம் இதே ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். இரண்டு தரப்பும் சேர்ந்து புழங்கிய மொழி அது. ஆனால் பெயரும் கேலியும் மட்டும் பணியாளர் தலையில் விழுந்தன. துரைமார் போன பிறகும் அந்தக் கேலியை நாமே நம் பிள்ளைகள் மேல் சுமத்துகிறோம். இது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது.

தவறைத் திருத்தவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலைக்கான நேர்காணலில் சரியான ஆங்கிலம் தேவைதான். ஆனால் ‘ஐ ஆம் கம்மிங் டெய்லி’ என்று ஒருவர் சொன்னால், தமிழில் என்ன நினைத்து அப்படிச் சொன்னார் என்று முதலில் கேளுங்கள். ‘தினமும் வருகிறேன்’ என்பார். நம் ‘வருகிறேன்’ இப்போது நடப்பதையும் சொல்லும், வழக்கமாக நடப்பதையும் சொல்லும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனி வடிவம் உண்டு. அதை விளக்க ஐந்து நிமிடம் போதும். விளம்பரத் தட்டியில் “பட்லர் இங்கிலீஷுக்கு விடை கொடுங்கள்” என்று எழுதியிருந்தால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வகுப்புகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரில் ஒருவர்