ஞாயிறு: வேலிக் கம்பம் செய்யும் வேலை

அனைவருக்கும் வணக்கம். நம் மாதிரி ரயில் லேஅவுட்டில் பண்ணைப் பக்கம் இன்னும் மொட்டையாகவே கிடக்கிறது. வரும் ஞாயிறு காலை 10 முதல் 1 மணி வரை, வழக்கமான இடத்தில் உட்கார்ந்து வேலிக் கம்பங்களை முடித்துவிடலாம்.

1. அளவு: நம்முடையது எச்ஓ ஸ்கேல், 1:87, அதாவது அசலில் 87-ல் ஒரு பங்கு. தரைக்கு மேல் ஒன்றரை மீட்டர் நிற்கும் கம்பம் இங்கே 17 மி.மீ. ஊன்றுவதற்கு 5 மி.மீ. சேர்த்து 22-க்கு நறுக்குங்கள். 2 மி.மீ. தடிமனுள்ள டூத்பிக் போதும்.
2. கூர்முனைகளை வீட்டிலேயே வெட்டிவிட்டு வாருங்கள்.
3. கொண்டுவர வேண்டியவை: கட்டர், சின்னக் கம்பி பிரஷ், மூடியுள்ள பழைய கண்ணாடி பாட்டில். கறுப்பு இங்க்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் என் பொறுப்பு.
4. பிரஷ்ஷை நீளவாக்கில் மட்டும் இழுக்கவும். குறுக்கே இழுத்தால் மர ரேகை வராது, பூனை பிறாண்டியது போலிருக்கும்.
5. சாயம் முதலில், பசை பிறகுதான். பசை பட்ட இடத்தில் சாயம் ஏறாமல் திட்டுத் திட்டாக வெளுத்து நிற்கும். ஆல்கஹாலில் சில சொட்டு இங்க் விட்டு முக்கினால் வெயிலும் மழையும் பட்ட சாம்பல் நிறம் கிடைக்கும். எல்லாக் கம்பமும் ஒரே நிறமாக வேண்டாம். சிலவற்றைச் சீக்கிரம் எடுத்துவிடுங்கள்.
6. நடும் இடைவெளி சுமார் 35 மி.மீ. ஒன்றிரண்டு சாய்ந்தே நிற்கட்டும், அதுதான் அழகு (ஸ்கேல் பிரியர்கள் மன்னிக்கவும்).

ஆல்கஹால் சட்டெனத் தீப்பிடிக்கும். அருகில் யாரும் புகைக்கக் கூடாது.

வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் இங்கேயே பதில் போடுங்கள். பிள்ளைகளை அழைத்து வந்தால் அதையும் சொல்லுங்கள், கட்டர் வேலையைத் தனி மேசைக்கு மாற்ற வேண்டும்.