கையைக் கட்டிக்கொண்டு சொல்லிக்கொடு

கண்ணா,

போன வாரம் போனில், "இன்னும் புரொஜெக்டர்னா பயமாம்மா?" என்று கேட்டாய். சிரித்து மழுப்பிவிட்டேன். எழுதினால்தான் எனக்கு ஒழுங்காகச் சொல்ல வரும்.

மெஷினைப் பார்த்து நான் பயப்படவில்லை. நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, தெரியாமல் முழிப்பதுதான் பயம். முதல் நாள் லேப்டாப்பில் பாடம் இருக்கிறது, சுவரில் வெறும் வால்பேப்பர். வயரைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, "டீச்சர், விண்டோஸ் பட்டனையும் பி-யையும் சேர்த்து அமுக்குங்க, டூப்ளிகேட்னு வரும்" என்றாள். வந்தது. "நீயே வந்து செய்" என்று சொல்ல வாயெடுத்தேன், நல்லவேளை சொல்லவில்லை. இன்றுவரை என் விரல் அதை மறக்கவில்லை.

இதில் உன்மேல் எனக்கு ஒரு குறை உண்டு. வீட்டில் இருந்தபோது எதைக் கேட்டாலும் மவுஸைப் பிடுங்கிப் பத்து வினாடியில் முடித்துவிடுவாய். வேலை நடக்கும், நான் இருந்த இடத்திலேயே இருப்பேன். இப்போது என் வகுப்பில் ஒரு சட்டம்: டீச்சருக்குச் சொல்லித்தர வருகிறவர் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும் கற்றுக்கொள்ள நான் கிளம்பவில்லை. கம்ப்யூட்டர் திரையிலேயே அறிவியல் சோதனை செய்து பார்க்கிற ஃபெட் (PhET) சிமுலேஷன்களில் மின்சுற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். நோபல் பரிசு வாங்கிய கார்ல் வீமன் 2002-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்தது, இலவசம். மூன்று சாயங்காலம் தனியாக உட்கார்ந்து நோண்டினேன். பேட்டரியின் இரண்டு முனையையும் வெறும் வயரால் இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும். வகுப்பே குதித்தது. எனக்குப் பிடித்தது வேறு. பல்புக்கு முன்னும் பின்னும் எலக்ட்ரான்கள் ஒரே வேகத்தில் நகர்கின்றன. பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடுகிறது என்று வருஷா வருஷம் பரீட்சையில் எழுதுவார்கள். சாக்பீஸால் எத்தனை அம்புக்குறி போட்டும் அது போனதில்லை. அன்று ஒருவன், "குறையவே இல்லையே டீச்சர்" என்று முணுமுணுத்தான். அரை நிமிஷம் நான் ஒன்றும் பேசவில்லை.

சூத்திரம் வருவிப்பதெல்லாம் இன்னும் கரும்பலகையில்தான். ஸ்லைடில் போட்டால் மொத்தமாக வந்து விழுகிறது, பிள்ளைகள் பேனாவைத் திறப்பதே இல்லை.

ஒரு சந்தேகம். எச்டிஎம்ஐ வயரை மாட்டினதும் சத்தம் ஸ்பீக்கருக்கு வராமல் புரொஜெக்டருக்குள் போய் முனகுகிறது. ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு போன் பண்ணுகிறேன், ஒவ்வொன்றாகச் சொல்லு. அங்கிருந்து உனக்கு மவுஸ் எட்டாது.

அம்மா