சம்பளத்தைப் பார்க்கும் முன் ஒப்பந்தத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில், அதாவது ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டை வடிவப் பந்தைத் தூக்கி ஓடும் ஆட்டத்தில், உதவிப் பயிற்சியாளர்கள் வாங்கும் சம்பளம் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். துணைக்கு நிற்கிறவருக்கு ஆண்டுக்கு 25 லட்சம் டாலர், நம் கணக்கில் 20 கோடி ரூபாய்க்கு மேல் எதற்கு என்று கட்டுரையாளர் கேட்டிருந்தார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் உதவிப் பயிற்சியாளர் என்பதை ஒரே வேலையாக வைத்துக்கொண்டு கேட்டதால் விடை தவறிப் போயிருக்கிறது.

முதல் நிலைக் கல்லூரி அணி ஒன்றில் தலைமைப் பயிற்சியாளருக்குக் கீழே 2018 முதல் பத்து உதவிப் பயிற்சியாளர்கள் இருக்கலாம் என்பது விதியாக இருந்தது. 2024-இல் களத்தில் பயிற்சி தருவோர் எண்ணிக்கைக்கு இருந்த வரம்பையே எடுத்துவிட்டார்கள். வெளியூர் போய் ஆள் சேர்க்க மட்டும் தலைமைப் பயிற்சியாளரோடு பத்துப் பேருக்குத்தான் இன்னும் அனுமதி. இவர்களில் இருவர் கோஆர்டினேட்டர்கள், அதாவது ஆட்டத் திட்டத்தை வகுத்து நடத்துபவர்கள்: ஒருவர் தாக்குதலுக்கு, ஒருவர் தடுப்புக்கு. செய்தியில் அடிபடும் தொகையெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டு நாற்காலிகளுக்கு உரியது. மற்றவர்கள் குவார்ட்டர்பேக் (பந்தை வீசுபவர்), ரிசீவர் (அதைப் பிடிப்பவர்), லைன்மேன் (முன்வரிசையில் மோதுபவர்), கார்னர்பேக் (எதிரணி ரிசீவரைக் காவல் காப்பவர்) என்று ஒவ்வொரு இடத்துக்கும் பாடம் எடுப்பவர்கள். இவர்களுக்கும் கீழே, படிப்புச் செலவும் சிறு உதவித்தொகையும் மட்டும் வாங்கிக்கொண்டு, எதிரணியின் ஆட்டங்களை அட்டையில் வரைந்து தரும் பட்டமேற்படிப்பு உதவியாளர்கள். எல்லாரையும் ஒரே தராசில் போட்டால் முள் எங்கும் நிற்காது.

வேலை என்னவென்று முதலில் பார்ப்போம். பருவம் நடக்கும்போது ஒரு மாணவனிடம் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வாங்கலாம், ஒரு நாளைக்கு நான்கு மணிக்கு மேல் கூடாது, வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. ஆட்ட நாள் எவ்வளவு நீண்டாலும் கணக்கில் மூன்று மணி. மீதி 17 மணிக்குள் எடைப் பயிற்சி, வீடியோ வகுப்பு, களப் பயிற்சி எல்லாம் அடங்க வேண்டும். களப் பயிற்சியை ஐந்தைந்து நிமிடத் துண்டுகளாக வெட்டுவார்கள். அதில் தன் ஆட்களோடு தனியாக ஒரு பயிற்சியாளருக்குக் கிடைப்பது மூன்று நான்கு துண்டுகள்தான். பயிற்சியாளரின் நேரத்துக்கு வரம்பு கிடையாது; மாணவனின் நேரத்துக்கு உண்டு. அந்த இருபது நிமிடத்தில் எதைச் சொல்லிக் கொடுக்கிறார் என்பதில்தான் அவர் சம்பளம் இருக்கிறது.

தாக்குதல் வரிசைப் பயிற்சியாளரையே எடுத்துக்கொள்ளுங்கள். பந்தை வீசும் ஆட்டத்தில் குவார்ட்டர்பேக்குக்கு இரண்டரை நொடி வாங்கித் தருவது இவர் ஆட்கள் ஐந்து பேரின் வேலை. எதிரணி அடிக்கடி செய்யும் தந்திரம், உள்ளே நிற்பவன் வெளிப்பக்கமாக மோதுவான், வெளியே நிற்பவன் அவன் முதுகுக்குப் பின்னால் சுற்றி உள்ளே நுழைவான். நம் கார்டு (வரிசையில் உள்பக்கம் நிற்பவன்) தன் எதிரில் இருந்தவனைத் துரத்திக்கொண்டே போனால், சுற்றி வருபவனுக்குக் கதவு திறந்துவிடும். எதிரில் இருந்தவனை, வெளிப்பக்கம் நிற்கும் நம் டேக்கிளிடம் கைமாற்றிவிட்டு, சுற்றி வருகிறவனைக் கார்டு பிடிக்க வேண்டும். இந்தக் கைமாற்றம் பெரும்பாலும் எங்கே கெடுகிறது தெரியுமா? கார்டும் டேக்கிளும் ஒரே ஆழத்தில் நிற்காததில். ஒருவன் அரை அடி பின்வாங்கியிருந்தால் இருவரும் ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொள்வார்கள்; கைமாற்ற இடமே இருக்காது. டிவியில் பார்ப்பவருக்குக் கடைசியில் கீழே விழும் குவார்ட்டர்பேக் மட்டும்தான் தெரியும். பயிற்சியாளர் வீடியோவை நிறுத்தி முதல் காலடியைப் பார்ப்பார். அது ஆறு அங்குலமாக இருக்க வேண்டியது ஒரு அடியாகிப் போயிருந்தால் மற்ற எல்லாம் அதிலிருந்து கெட்டதுதான். திருத்தமும் அந்த முதல் அடியில்தான் தொடங்கும்; தோள் பலத்தைக் கூட்டி இதைச் சரிசெய்ய முடியாது.

ஞாயிறன்று, முந்தைய நாள் போட்டியின் ஒவ்வொரு ஆட்டத் துண்டையும் (பந்து கிளம்பி நிற்கும் வரை ஒரு துண்டு) வீடியோவில் ஓட்டி, வேலை தெரிந்ததா, செய்த முறை சரியா, முழு முயற்சி இருந்ததா என்று ஒவ்வொருவனுக்கும் கூட்டல், கழித்தல் போடுவார். எழுபது துண்டு, ஐந்து பேர் என்றால் 350 குறிகள். அதே நாள் அடுத்த எதிரணியின் வீடியோ ஆரம்பம். எத்தனையாவது டவுன் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் ஒன்று), எத்தனை யார்டு பாக்கி, பந்து எந்தப் பக்கக் கோட்டுக்கு அருகே, எந்த அமைப்பு என்று பிரித்து அட்டவணை போட வேண்டும். வாரத்துக்கு 90 மணி நேரம் உழைக்கிறோம் என்று இவர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. அதில் பாதி, ஏற்கெனவே உதவியாளர்கள் பிரித்துவைத்ததைத் திரும்பப் பார்ப்பது. நீண்ட நேரம் உட்கார்ந்திருப்பதைச் சம்பளத்துக்குச் சான்றாக நான் ஏற்க மாட்டேன்.

ஆள் சேர்ப்பு வேறு கதை. ஒவ்வொரு உதவிப் பயிற்சியாளருக்கும் ஒரு வட்டாரம் ஒதுக்கப்படும். அங்குள்ள பள்ளிப் பயிற்சியாளர்கள், பிள்ளைகளின் தாய்மார், மதிப்பெண் பட்டியல் எல்லாம் அவர் பொறுப்பு. பையன் முதல் ஆண்டே ஆட வேண்டுமானால் பள்ளியில் 16 அடிப்படைப் பாடங்கள் முடித்திருக்க வேண்டும், அவற்றில் 4-க்கு 2.3 சராசரி வேண்டும், பத்துப் பாடங்களைக் கடைசி ஆண்டு தொடங்கும் முன்பே முடித்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பிலேயே பட்டியலை வாங்கிப் பார்க்காத பயிற்சியாளர், இரண்டு ஆண்டு துரத்திய பையனைக் கடைசி நேரத்தில் இழப்பார். 2021-க்குப் பிறகு ஒருமுறையும், 2024 முதல் எத்தனை முறை வேண்டுமானாலும், மாணவர்கள் ஓராண்டு ஆட்டத்துக்கு வெளியே உட்காராமல் கல்லூரி மாறலாம் என்றாகிவிட்டதால், சேர்த்தவனைத் தக்கவைப்பதும் தனி வேலையாகிவிட்டது. இந்த இரண்டையும் நன்றாகச் செய்கிற லைன் பயிற்சியாளருக்கு ஐந்து லட்சம் டாலர் தருவதில் எனக்கு வருத்தமே இல்லை.

கோஆர்டினேட்டரின் கதை, போட்டி நடக்கும் சனிக்கிழமை தெரியும். இரு ஆட்டத் துண்டுகளுக்கு நடுவே 40 நொடி. 2024 முதல் ஒரு வீரனின் ஹெல்மெட்டுக்குள் நேரே பேச அனுமதி உண்டு; ஆனால் கடிகாரம் 15 நொடிக்கு வந்ததும் ஒலி அறுந்துவிடும். ஆக, பேச 25 நொடி. அதற்குள் முடிவெடுக்கத்தான் அவருக்குக் காசு. அந்த முடிவுக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு 2020 செப்டம்பர் 26 நல்ல உதாரணம். அன்று எல்எஸ்யூ-வின் (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின்) தடுப்பாட்டத்தை நடத்தியவர் போ பெலினி. ஆண்டுக்கு 23 லட்சம் டாலர், மூன்று ஆண்டு ஒப்பந்தம். எதிரே மிசிசிப்பி ஸ்டேட், மைக் லீச் தலைமைப் பயிற்சியாளராக இருந்த அணி. லீச்சின் ஆட்டம் நாடறிந்தது: ரிசீவர்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடி ஒருவர் நிழலில் ஒருவர் நழுவுவார்கள். ஆளுக்கு ஆள் காவல் போட்டால் காவலர்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்வார்கள். எல்எஸ்யூ அன்று தன் சிறந்த கார்னர்பேக் இல்லாமலே பெரும்பாலும் ஆளுக்கு ஆள் காவலையே விடாமல் ஆடியது. எதிரணி குவார்ட்டர்பேக் 623 யார்டு வீசினார். அது இரு அணிகளும் ஆடும் எஸ்இசி என்ற கல்லூரிப் பிரிவின் சாதனை. எல்எஸ்யூ 44-34 என்று தோற்றது.

அடுத்த வாரம் அதே மிசிசிப்பி ஸ்டேட், பிரிவுக்குள் தொடர்ந்து 20 ஆட்டம் தோற்றிருந்த ஆர்கன்சாவைச் சந்தித்தது. ஆர்கன்சாவின் தடுப்புக் கோஆர்டினேட்டர் பாரி ஓடம், பெலினியைவிடக் குறைந்த சம்பளக்காரர். அவர் மூன்றே பேரை முன்னால் அனுப்பி, எட்டுப் பேரைப் பின்னால் இறக்கி, ஆளைக் காக்காமல் இடத்தைக் காக்கச் சொன்னார். குறுக்கே ஓடி நழுவ ஆளே இல்லை. மூன்று பந்துகள் பறிபோயின. ஆர்கன்சா 21-14 என்று வென்றது. லீச்சுக்கு எதிரான மருந்து இதுதான் என்பது அதற்கு முன்பே ஊருக்குத் தெரியும். எல்எஸ்யூ அந்த ஆண்டை 5-5 என்று முடித்தது. பெலினி ஒரே பருவத்தோடு நீக்கப்பட்டார். மீதி ஒப்பந்தத்துக்காகப் பல்கலைக்கழகம் ஏறத்தாழ 40 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.

இதை வைத்துக்கொண்டு பெலினிக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. அதற்கு முந்தைய ஆண்டின் எல்எஸ்யூ அணியிலிருந்து 14 பேர் ஒரே ஆண்டில் தொழில்முறை லீகுக்குத் தேர்வானார்கள். அவர் கைக்கு வந்தது மிச்சம்தான். அதே முந்தைய ஆண்டில், சுமார் நான்கு லட்சம் டாலர் சம்பளத்துக்கு வந்த ஜோ பிராடியின் பந்து வீசும் திட்டத்தில் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ பருவத்துக்கு 16 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுப்பது) வீச்சிலிருந்து 60-க்குப் போனார், அணி 15 ஆட்டமும் வென்றது, பிராடிக்குச் சிறந்த உதவிப் பயிற்சியாளருக்கான பிராய்ல்ஸ் விருது கிடைத்தது. அதில் பிராடியின் பங்கு எவ்வளவு, பர்ரோவின் பங்கு எவ்வளவு? யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இன்னொன்று: 2025 ஜனவரியில் ஒஹாயோ ஸ்டேட் தேசியப் பட்டம் வென்ற சில நாட்களில், அதன் தடுப்புக் கோஆர்டினேட்டர் ஜிம் நோல்ஸை ஆண்டுக்கு 31 லட்சம் டாலர் அளவுக்குக் கொடுத்துப் பென் ஸ்டேட் அழைத்துப் போனது. அக்டோபரில், அதுவரை ஒரு ஆட்டமும் வெல்லாத யூசிஎல்ஏ அவர் தடுப்பாட்டத்தின் மேல் 42 புள்ளி எடுத்தது. அவர் விட்டுவந்த ஒஹாயோ ஸ்டேட்டோ அந்தப் பருவத்திலும் மிகக் குறைவாகப் புள்ளி கொடுத்த அணிகளின் முன்வரிசையில்தான் நின்றது. திட்டம் ஒருவரோடு போகலாம், வீரர்கள் போவதில்லை.

அளக்கலாமே என்று அயோவா முயன்றது. 2023-இல் தாக்குதல் கோஆர்டினேட்டர் பிரையன் ஃபெரன்ட்ஸின் சம்பளத்தை 50,000 டாலர் குறைத்து எட்டரை லட்சமாக்கி, அணி ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளி எடுக்க வேண்டும், ஏழு வெற்றி வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதினார்கள். வேடிக்கை என்னவென்றால், தடுப்பாட்டக்காரர்கள் பந்தைப் பறித்து எடுக்கும் புள்ளியும் அந்த 25-இல் சேர்த்திதான்! அப்படியும் சராசரி 15-ஐத்தான் சுற்றி நின்றது. பருவம் முடிவதற்குள்ளேயே அடுத்த ஆண்டு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அணியோ பத்து ஆட்டம் வென்றது, காரணம் தடுப்புக் கோஆர்டினேட்டர் ஃபில் பார்க்கர். அந்த ஆண்டின் பிராய்ல்ஸ் விருதும் அவருக்கே. அளவுகோல் தவறாக எழுதப்பட்டால் ஒருவர் உழைப்பில் இன்னொருவர் போனஸ் வாங்க வழியுண்டு.

சரி, விலை ஏன் இப்படி ஏறியது? 1984-இல் ஓக்லஹோமா பல்கலைக்கழகம் தொடர்ந்த வழக்கில், ஒளிபரப்பு உரிமையை, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏ கட்டிப்போடுவது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து டிவி பணம் கூடிக்கொண்டே வந்தது. 2023-இல் தொடங்கிய, பிக் டென் என்ற கல்லூரிப் பிரிவின் ஒளிபரப்பு ஒப்பந்தம் ஏழு ஆண்டுக்கு 700 கோடி டாலரைத் தாண்டும். 2025 வரை வீரனுக்குச் சம்பளம் தரத் தடை இருந்தது. பங்கு போட முதலாளியும் கிடையாது. பணம் போகக்கூடிய இடமாக இருந்தது கட்டடமும் பயிற்சியாளரும்தான். பயிற்சியாளர் சம்பளத்துக்கும் ஒருமுறை பூட்டுப் போட்டுப் பார்த்தார்கள்: 1990-களின் தொடக்கத்தில், கால்பந்து தவிர்த்த விளையாட்டுகளில், ஒரு வகை இளநிலை உதவிப் பயிற்சியாளருக்கு ஆண்டுக்கு 16,000 டாலர்தான் என்று என்சிஏஏ விதித்தது. அது போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என்று 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு 5.45 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்தார்கள். அதன் பிறகு பயிற்சியாளர் சம்பளத்துக்குக் கூட்டாக வரம்பு போட யாருக்கும் துணிவில்லை. 2009-இல் டென்னசி மான்ட்டி கிஃபினுக்கு 12 லட்சம் கொடுத்தபோது பெரிய செய்தி. இன்று அது சாதாரணம்.

ஆகவே 25 லட்சம் என்பது உழைப்புக்கு எண்ணிப் போட்ட கூலி இல்லை. பக்கத்துக் கல்லூரி கொத்திக்கொண்டு போகாமலிருக்கக் கட்டும் தொகை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்கக் கூடாதது உத்தரவாதம். கட்டுரையாளர் இதைத் தொடவே இல்லை. மாநிலப் பல்கலைக்கழக ஒப்பந்தங்கள் பொதுவாகத் தகவல் உரிமைச் சட்டத்தில் கிடைக்கும். வாங்கினால் முதலில் பார்க்க வேண்டியது சம்பள வரியை அல்ல. எத்தனை ஆண்டு, நீக்கினால் மீதியில் எவ்வளவு விழுக்காடு, அவர் வேறு வேலைக்குப் போனால் அந்தச் சம்பளம் கழிக்கப்படுமா, அவரே பாதியில் போனால் அவர் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற நான்கையும் பாருங்கள். இப்படிக் கழிக்கும் விதியில் ஓட்டை உண்டு. டென்னசியால் நீக்கப்பட்ட தலைமைப் பயிற்சியாளர் புட்ச் ஜோன்ஸ், 2018-இல் அலபாமாவில் 35,000 டாலர் சம்பளத்துக்குப் போய்ச் சேர்ந்தார். பழைய இடத்தின் லட்சங்கள் மாதாமாதம் வந்துகொண்டிருந்தன. புது வேலைக்குச் சந்தை நிலவரப்படியான சம்பளத்தைக் கணக்கில் எடுத்துத்தான் கழிக்கப்படும் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் இந்த வழி அடைபட்டிருக்கும். உதவிப் பயிற்சியாளர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் உத்தரவாதம் தேவையில்லை என்பதும் என் கருத்து. தலைமைப் பயிற்சியாளர் போனால் கூட்டமே கலைந்துவிடும். பிறகு வேலை செய்யாத பத்துப் பேருக்குக் காசோலை எழுத வேண்டியிருக்கும்.

2025 ஜூலை முதல் கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டுக்கு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்துக் கல்லூரிக்கு 2.05 கோடி டாலர் வரை. இந்தத் தொகையைத் தேட கணக்காளர்கள் உட்காரும்போது, இரண்டு கோஆர்டினேட்டர்கள் மேல் கை வைக்க மாட்டார்கள், சந்தை விடாது. முதலில் குறைவது வீடியோ பிரிக்கும் உதவியாளர்களும், கார்டின் முதல் காலடியைத் திருத்தும் அந்த லைன் பயிற்சியாளரின் உயர்வும்தான். தங்கள் கட்டுரையாளர் தொடர்ந்து எழுதுவதானால் அப்படிக் குறைக்கப்பட்டவர்களின் பட்டியலையும் வாங்கிப் போடட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொலம்பஸ், ஒஹாயோ