அது பறவை இல்லையடா!

அன்புள்ள சேகர்,

முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், நிம்மதி. எனக்கும் கண்புரை அறுவை முடிந்துவிட்டது. அந்தப் புதுக் கண்ணோடுதான் உன் வீடியோவைப் பார்த்தேன்.

பூவின் முன் அந்தரத்தில் நின்று தேன் குடிப்பதைப் பார்த்து, அப்படிக் குடிக்கும் குட்டிப் பறவையான ‘ஹம்மிங்பேர்ட் வந்தது’ என்று குதித்து எழுதியிருக்கிறாயே, அது அந்துப்பூச்சியடா! பகலில் பறக்கும் வகை. ஹம்மிங்பேர்ட் ஹாக்மாத் என்பார்கள். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார். தலையில் இரண்டு உணர்கொம்புகள், நுனி சற்றுத் தடித்து நீட்டிக்கொண்டிருக்கும். எந்தப் பறவைக்கும் அது கிடையாது. நீ வால் என்று நினைத்தது வயிற்று நுனியிலுள்ள மயிர்க்கற்றை. அலகு என்று நினைத்தது உறிஞ்சுகுழல். பூவை விட்டு விலகியதும் கடிகாரச் சுருள்வில்லைப் போலச் சுருண்டுகொள்கிறது பார். தவிர, ஹம்மிங்பேர்ட் அமெரிக்கக் கண்டங்களைத் தாண்டி வேறெங்கும் இயற்கையில் கிடையாது.

சரி, வருத்தப்படாதே. அமேசான் காடுகளில் 11 ஆண்டுகள் பூச்சி சேகரித்த ஹென்றி பேட்ஸே இதில் ஏமாந்திருக்கிறார். பறவை என்று நினைத்து, இதே குடும்பத்து அந்துப்பூச்சியைப் பல தடவை சுட்டுவிட்டதாக 1863-இல் வந்த தன் நூலில் எழுதியிருக்கிறார். ஒன்று இன்னொன்றாக மாறிவிடும் என்றே அங்கிருந்தவர்கள் நம்பினார்களாம்!

இரண்டையும் ஒப்பிட, செந்தொண்டை ஹம்மிங்பேர்ட் என்ற பறவையை எடுத்துக்கொள். எடை சுமார் 3 கிராம், நொடிக்கு 50 தடவை போலச் சிறகடிக்கும். உன் விருந்தாளி அதையும் மிஞ்சி 70, 80 வரை போகும். குளிரான இரவில் பறவை உடல் சூட்டைக் குறைத்து மரத்துப்போய்க் கிடந்து சக்தியை மிச்சம் பிடிக்கும். அந்துப்பூச்சியோ கிளம்பும் முன் தசைகளை நடுக்கியே உடம்பைச் சூடாக்கிக்கொள்கிறது.

எனக்குப் பிடித்தது அந்த உணர்கொம்பு சங்கதிதான். அந்தரத்தில் நிற்கும்போது உடம்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைப் பறவைக்கு உட்காதும் கண்ணும் சொல்லும். அந்துப்பூச்சிக்கு அதைச் சொல்வதில் உணர்கொம்புக்குப் பெரிய பங்கு. இதே குடும்பத்து இன்னொரு இனத்தில் அதை வெட்டிப் பார்த்தார்கள். பூச்சி தடுமாறி மோதியது. பசை போட்டு ஒட்டினார்கள், மறுபடி ஒழுங்காகப் பறந்தது! 2007-இல் வந்த ஆய்வு இது. பசை போட்டவரின் பொறுமையைச் சொல்ல வேண்டும்.

அடுத்த தடவை வந்தால் போனில் ஸ்லோ மோஷன் வைத்துப் பக்கவாட்டில் எடு. பின்சிறகின் ஆரஞ்சு நிறம் தெரியும். அப்புறம், வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராமு